பேக்டு ஹாமுக்கு இனிப்பான விஸ்கி கிளேஸ்: முதல்முறை செய்பவர்களுக்கு

அமெரிக்காவின் சூப்பர் மார்க்கெட்டுகளில் வருடத்துக்கு இரண்டு முறை ஹாம், அதாவது பன்றியின் பின்தொடைக் கறி, மலைபோலக் குவியும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருமுறை, ஈஸ்டருக்கு முன்னால் ஒருமுறை. ஈஸ்டருக்கு ஹாம் என்ற வழக்கம் ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் வந்தது. இலையுதிர் காலத்தில் பன்றியை அறுத்து, பின்தொடைகளை உப்பில் போட்டுப் புகை காட்டித் தொங்கவிட்டால், வசந்தம் வரும்போது சாப்பிடத் தயாராக இருக்கும். இன்று அந்த வேலை எல்லாம் தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. நம் கைக்கு வருவது பெரும்பாலும் உப்பேறி, புகையேறி, வெந்தும் முடிந்த இறைச்சி.

புதிதாகச் செய்பவர்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். 8 பவுண்டு மாமிசத்தை எலும்போடு பார்த்ததும் சிலருக்குக் கை நடுங்கும். நடுங்க வேண்டியதில்லை, அது வெந்த கறி. அதைக் காயவிடாமல் சூடாக்கினால் போதும். உண்மையான சமையல் நடப்பது பக்கத்தில் இருக்கும் சின்னப் பாத்திரத்தில்தான். சர்க்கரை, விஸ்கி, கடுகு, வினிகர் சேர்த்துக் காய்ச்சுகிற பாகு அது. கிளேஸ் என்பது இதைத்தான். அதன் பதமும், அதைப் பூசுகிற நேரமும் சரியாக அமைந்தால் ஹாம் மின்னும். இரண்டில் ஒன்று பிசகினால் மேலே கருகும், இல்லையென்றால் எல்லாம் வழிந்து தட்டில் தேங்கிவிடும்.

எந்த ஹாம் வாங்குவது?

கடையில் பெயர்கள் குழப்பும். பேக்கெட்டில் ‘ஃபுல்லி குக்டு’ என்று இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். இருந்தால் எடுங்கள். ‘குக் பிஃபோர் ஈட்டிங்’ என்று இருந்தால் அது முழுதாக வேகாதது. வீட்டில் வேகவைத்தாக வேண்டும். ‘ஃப்ரெஷ் ஹாம்’ என்பது உப்பே போடாத பச்சைத் தொடைக்கறி. இந்தக் கட்டுரை அதற்கு உதவாது. வர்ஜீனியா, கென்டக்கி, டென்னசி, வட கரோலினா பக்கம் ‘கன்ட்ரி ஹாம்’ என்று ஒன்று உண்டு. உப்பைத் தேய்த்து மாதக்கணக்கில் உலர வைப்பது. கருவாடு மாதிரி உப்பு கரிக்கும், ஒரு நாளாவது தண்ணீரில் ஊறவைத்துத்தான் சமைக்க வேண்டும். ருசி அபாரம், ஆனால் முதல்முறைக்கு வேண்டாம்.

அப்புறம், பேக்கெட்டில் சின்ன எழுத்தில் இருப்பதையும் படியுங்கள். வெறும் ‘ஹாம்’ என்று போட்டிருந்தால், கொழுப்பைக் கழித்துக் கணக்கிட்டால் குறைந்தது 20.5 சதவீதம் புரதம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விவசாயத் துறையின் விதி. ‘வித் நேச்சுரல் ஜூசஸ்’ என்றால் 18.5 சதவீதம். ‘வாட்டர் ஆடட்’ என்றால் 17. ‘ஹாம் அண்ட் வாட்டர் ப்ராடக்ட்’ என்றால் அதற்கும் கீழே. எண் குறையக் குறைய நீங்கள் காசு கொடுத்து வாங்குவது தண்ணீர். அந்தத் தண்ணீர் ஓவனில் வெளியே வந்து, நீங்கள் அக்கறையாகப் பூசிய பாகைக் கழுவிக்கொண்டு போகும். ஆகவே முதல் இரண்டு வகையில் ஒன்றை எடுங்கள். இரண்டு டாலர் கூடப் போனாலும் பரவாயில்லை.

எலும்போடு இருப்பதா, எலும்பில்லாததா? எலும்போடுதான். எலும்பில்லாதவை பல நேரம் துண்டுகளை அழுத்தி உருண்டையாக்கியவை. வெட்டச் சுலபம், ருசியில் சப்பென்று இருக்கும். எலும்போடு கூடிய பாதித் தொடையில் இரண்டு பக்கம் உண்டு. கணுக்கால் பக்கம் ஒரே எலும்பு, வெட்டுவது எளிது. இடுப்புப் பக்கம் சதை அதிகம், ஆனால் எலும்பு வளைந்து நெளிந்து கிடக்கும். புதியவர்களுக்குக் கணுக்கால் பக்கம் நல்லது.

முன்கூட்டியே சுருள் சுருளாகச் சீவி வரும் ‘ஸ்பைரல் கட்’ ஹாமும் கிடைக்கும். ஹாரி ஹோன்செலார் என்பவர் கண்டுபிடித்த இயந்திரத்தின் வேலை அது. 1957இல் டெட்ராய்ட்டில் அவர் திறந்த ஹனிபேக்டு ஹாம் கடைதான் இந்த வகையை நாடு முழுக்கப் பரப்பியது. பரிமாற வசதி. ஆனால் ஒவ்வொரு சீவலுக்கும் நடுவே சூடு புகுந்து கறியை வறளடித்துவிடும். முதல்முறை கிளேஸ் செய்கிறவர்கள் வெட்டாத முழுத் துண்டையே எடுத்தால் தவறுக்கு இடம் குறைவு. எலும்போடு வாங்கினால் தலைக்கு முக்கால் பவுண்டு கணக்கு வைக்கலாம். 8 பவுண்டு (சுமார் 3.6 கிலோ) பத்துப் பேருக்குத் தாராளம்.

எந்த விஸ்கி?

பர்பன். ஏன் என்றால் அதன் செய்முறையே இதற்காகச் செய்தது போல இருக்கிறது. பர்பன் என்ற பெயர் போட வேண்டுமானால் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்ளே தீயால் கரித்த புது ஓக் பீப்பாயில் ஊற வேண்டும். மக்காச்சோளம் இனிப்பைத் தருகிறது. கரிந்த ஓக் மரம் வனிலா, கேரமல் வாசத்தைத் தருகிறது. வனிலாவுக்கு மணம் கொடுக்கும் அதே வனிலின்தான் மரத்திலிருந்தும் இறங்குகிறது. பிரவுன் ஷுகரோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். 1964இல் அமெரிக்க நாடாளுமன்றம் பர்பனை அந்த நாட்டுக்கே உரிய சரக்கு என்று தீர்மானம் போட்டது. ஹாமும் பர்பனும் ஒரே கென்டக்கி, டென்னசி வட்டாரத்துப் பொருள்கள் என்பதால் இந்த ஜோடி அங்கே யாருக்கும் வியப்பில்லை.

டென்னசி விஸ்கியும் அதே அளவுக்குப் பொருந்தும். ஜாக் டேனியல்ஸ் மாதிரியானவை பீப்பாயில் போகும் முன் மேப்பிள் மரக்கரியில் வடிகட்டப்படுபவை. காரம் கொஞ்சம் குறைவு. ரை விஸ்கியில் மிளகுக் காரம் தெரியும், சிலருக்கு அதுதான் பிடிக்கும். தவிர்க்க வேண்டியவை ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலிருந்து வரும், பீட் என்ற சதுப்புநில மண்ணை எரித்த புகை ஏறிய விஸ்கிகள். ஹாமில் ஏற்கெனவே புகை இருக்கிறது, அதன்மேல் அந்த மருந்து வாசமும் ஏறினால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருக்கும்.

விலை உயர்ந்த பாட்டில் வேண்டியதில்லை. கொதிக்கும் சர்க்கரையில் 12 வருடம் ஊறிய சரக்கின் நுட்பமெல்லாம் காணாமல் போய்விடும். ஜிம் பீம், எவன் வில்லியம்ஸ் ரகம் போதும். நமக்குத் தேவை அரை கப்பும் ஒரு கரண்டியும். 200 மில்லி பாட்டில் ஒன்று வாங்கினால் மிச்சமே இருக்கும். வீட்டில் யாரும் குடிப்பதில்லை என்றால் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் 50 மில்லி குட்டி பாட்டில்களில் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். தேன் கலந்த விஸ்கி, ஆப்பிள் கலந்த விஸ்கி என்று வருபவற்றில் ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறது. அவற்றை ஊற்றினால் இங்கே சொல்லும் அளவுகள் எல்லாம் மாறிப்போகும்.

தேவையானவை (8 பவுண்டு ஹாமுக்கு)

பிரவுன் ஷுகர் – 1 கப், அழுத்தி அளந்தது (சுமார் 200 கிராம்)
பர்பன் – அரை கப் (120 மில்லி), கடைசியில் சேர்க்க இன்னும் 1 மேசைக்கரண்டி
தேன் அல்லது மேப்பிள் சிரப் – கால் கப்
ஆப்பிள் சைடர் வினிகர் – 2 மேசைக்கரண்டி
டிஜோன் கடுகு விழுது – 2 மேசைக்கரண்டி
உப்பில்லாத வெண்ணெய் – 2 மேசைக்கரண்டி
மிளகுத்தூள் – அரை தேக்கரண்டி
கிராம்புத்தூள் – இரண்டு சிட்டிகை
மிளகாய்த்தூள் – ஒரு சிட்டிகை, விரும்பினால்

உப்பு எங்கே என்று தேடாதீர்கள். கிடையாது. ஹாமில் இருக்கும் உப்பே அதிகம். உப்பில்லாத வெண்ணெய் கேட்டதும் அதனால்தான்.

பிரவுன் ஷுகர் என்பது வெள்ளைச் சர்க்கரையில் மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரிய பாகு) சேர்த்தது. வெளிர் நிறத்தில் ஒன்று, அடர் நிறத்தில் ஒன்று என இரண்டு உண்டு. அடர் நிறத்தில் மொலாசஸ் கூடுதல், லேசான கசப்பும் இருக்கும். எனக்கு அடர் நிறமே பிடிக்கும். விஸ்கிக்கு எதிரே அது நின்று பேசுகிறது. நாட்டுச்சர்க்கரை கையில் இருந்தால் அதையும் போடலாம், சலித்துவிட்டுப் போடுங்கள். வெல்லம் என்றால் முதலில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டிவிட வேண்டும், மண் இருக்கும்.

வினிகரும் கடுகும் பலருக்கு உறுத்தும். ‘இனிப்பு கிளேஸ்தானே, இவை எதற்கு?’ என்று விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். உப்பும் சர்க்கரையும் மட்டும் இருந்தால் இரண்டாவது வாயிலேயே திகட்டிவிடும். புளிப்பும் கடுகின் உறைப்பும்தான் மூன்றாவது துண்டை எடுக்க வைக்கின்றன. வினிகருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஜாமூன் பாகு பூத்துப் போகாமலிருக்க நாம் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுவோம் இல்லையா, அதே வேலை. புளிப்பு சர்க்கரையில் ஒரு பகுதியை உடைத்துவிடும். ஆறினாலும் மணல் மணலாகக் கட்டாது. தேனும் அதற்குத் துணை.

பாகு காய்ச்சுதல்

ஹாமை ஓவனில் வைத்த பிறகு பாகைத் தொடங்கினால் போதும், அவசரமே இல்லை.

அடி கனமான, கொஞ்சம் பெரிய பாத்திரமாக எடுங்கள். இரண்டு லிட்டர் கொள்ளளவாவது இருக்கட்டும். பாகு ஒன்றரைக் கப்தான் இருக்கும், ஆனால் கொதி வந்தால் நுரைத்துக்கொண்டு மேலே ஏறும். அது அடுப்பில் வழிந்து கருகினால் சுரண்டி எடுக்க அரை நாள் போகும்.

அடுத்தது தீ விஷயம். இதை இரண்டு முறை படியுங்கள். விஸ்கியில் 40 சதவீதமோ அதற்கு மேலோ சாராயம். அதன் ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளும். அடுப்பை ஏற்றும் முன்பே, ஆறிய பாத்திரத்தில், அரை கப் பர்பனை அளந்து ஊற்றுங்கள். பாட்டிலை மூடித் தள்ளி வையுங்கள். எரிகிற கேஸ் அடுப்பின்மேல் பாட்டிலைச் சாய்த்து ஊற்றவே கூடாது. நெருப்பு ஆவி வழியாக ஏறி பாட்டிலுக்கே வந்துவிடும். டிவியில் செஃப்கள் சட்டியைச் சாய்த்துத் தீ மூட்டிக் காட்டுவது வேடிக்கைக்கு. நமக்கு அது தேவையில்லை. மெதுவாகக் காய்ச்சினாலே போதும். ஒருவேளை பாத்திரத்தில் தீ பிடித்தால் பதறாமல் மூடியைப் போட்டு அடுப்பை அணையுங்கள். மூடியை அடுப்பு பக்கத்திலேயே எடுத்து வைத்துக்கொள்வது அதற்குத்தான்.

விஸ்கியோடு சர்க்கரை, தேன், வினிகர் மூன்றையும் சேர்த்துக் கலக்குங்கள். மிதமான தீயில் வையுங்கள். சர்க்கரை கரையும்வரை கிளறுங்கள், அப்புறம் கிளறுவதைக் குறையுங்கள். முதல் சில நிமிடம் மூக்கில் ஏறுகிற சாராய நெடி வரும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். சாராயம் தண்ணீருக்கு முன்னாலேயே, 78 டிகிரி செல்சியஸில், ஆவியாகத் தொடங்கும். நெடி அடங்கி, வெல்லப்பாகும் வனிலாவும் கலந்த வாசம் வரும்போது வேலை பாதி முடிந்தது.

இனி குமிழிகளைப் பாருங்கள். தொடக்கத்தில் அவை பெரிதாக, தண்ணீர்போல, உடனுக்குடன் உடையும். பாகு இறுக இறுகச் சிறுத்து, நெருங்கி, உடையத் தயங்கும். கொதி வந்ததிலிருந்து 8 முதல் 10 நிமிடத்தில் இந்த நிலை வந்துவிடும். அடுப்புக்கு அடுப்பு மாறும், கடிகாரத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு சின்னத் தட்டை முன்கூட்டியே ஃப்ரீசரில் வைத்திருங்கள். அதில் ஒரு சொட்டு விட்டு, அரை நிமிடம் பொறுத்து, நடுவில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடாமல் அப்படியே நின்றால் போதும். நம் கணக்கில் சொன்னால் பிசுக்குப் பதம் தாண்டியிருக்க வேண்டும், கம்பி நன்றாக இழுக்கும் பதத்துக்குப் போய்விடக் கூடாது. கம்பி இழுத்தால் ஓவனில் அது மிட்டாயாகிப் பல்லில் ஒட்டும். பதம் தாண்டிப் போனாலும் பயமில்லை, இரண்டு கரண்டி வெந்நீர் விட்டு இளக்கிவிடலாம்.

பதம் வந்ததும் அடுப்பிலிருந்து இறக்குங்கள். வெண்ணெய், கடுகு விழுது, மிளகு, கிராம்புத்தூள், மிளகாய்த்தூள் சேர்த்துக் கலக்குங்கள். கடுகை முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் உறைப்பு போய்விடும். கடைசியாக, அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரம் ஐந்து நிமிடம் ஆறிய பின் அந்த மீதி ஒரு மேசைக்கரண்டி பர்பனை விடுங்கள். கொதித்ததில் போன விஸ்கி மணம் இதில் திரும்பி வரும். ஆறும்போது பாகு இன்னும் இறுகும். பிரஷ்ஷில் எடுத்தால் சொட்டுச் சொட்டாக விழாமல் தயங்கி இறங்க வேண்டும். சுமார் ஒரு கப் இருக்கும். அதில் கொஞ்சத்தைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள், சாப்பாட்டு மேசைக்கு.

ஹாமைத் தயார் செய்தல்

சமைப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுங்கள். பிளாஸ்டிக் உறையையும் வலையையும் கழற்றிய பிறகு, வெட்டுப் பக்கம் எலும்பு முனையை ஒருமுறை தடவிப் பாருங்கள். பல கம்பெனிகள் எலும்பு உறையைக் கிழிக்காமலிருக்க அங்கே ஒரு பிளாஸ்டிக் வில்லையை வைத்திருப்பார்கள். எலும்பின் நிறத்திலேயே இருக்கும், கண்ணில் படாது. அதையும் எடுத்துவிடுங்கள். உள்ளே ஒரு கிளேஸ் பொட்டலமும் இருக்கலாம். அது குப்பைக்கு.

மேற்பரப்பைக் காகிதத் துண்டால் நன்றாக ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் பாகு பிடிக்காது. கெட்டித் தோல் இருந்தால் கத்தியை அடியில் விட்டு உரித்துவிட்டு, அடியில் இருக்கும் கொழுப்பை மட்டும் கால் அங்குல கனத்துக்கு விடுங்கள். அந்தக் கொழுப்பில், ஒரு அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் சாய்வாகக் கீறுங்கள், மைசூர்பாகைத் துண்டு போடுகிற மாதிரி இல்லாமல் வைர வடிவில். கீறல் கொழுப்போடு நிற்கட்டும், சதைக்குள் ஆழமாக இறங்கினால் சாறு வெளியே வந்துவிடும். அழகுக்காக மட்டும் இதைச் செய்வதில்லை. சூட்டில் கொழுப்பு உருகிச் சுருங்கும்போது கீறல்கள் விரியும், பாகு தங்குவதற்கு வாய்க்கால்கள் கிடைக்கும். கீறாத ஹாமில் பாகு வழுக்கிக்கொண்டே இறங்கும். கட்டங்கள் சந்திக்கும் இடங்களில் முழுக் கிராம்பு குத்துவது பழைய வழக்கம். செய்யலாம்; ஆனால் எல்லாச் சந்திப்பிலும் குத்தினால் பல்வலித் தைலம் வாசம் வரும், ஒன்று விட்டு ஒன்று போதும். பரிமாறும் முன் பிடுங்கிவிடுங்கள்.

ஓவனில்

ஓவனை 325 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (163 செல்சியஸ்) சூடேற்றுங்கள். ரோஸ்டிங் தட்டில் ஃபாயில் விரியுங்கள். சர்க்கரை சிந்தும் வேலை இது, பாத்திரம் தேய்ப்பது நீங்கள்தான். வெட்டுப் பக்கம் கீழே இருக்குமாறு ஹாமை வைத்து, தட்டில் ஒரு கப் தண்ணீரோ ஆப்பிள் ஜூஸோ ஊற்றுங்கள். தட்டில் விஸ்கியை ஊற்றலாமே என்று ஆசை வரும். வேண்டாம். மூடிய ஓவனுக்குள் சாராய ஆவி சேர்ந்து, கதவைத் திறக்கும்போது முகத்துக்கு நேரே ‘பக்’ என்று பற்றும் அபாயம் உண்டு. பாகில் காய்ச்சிய விஸ்கியால் அந்தப் பயம் இல்லை.

இன்னொரு ஃபாயிலால் கூடாரம் போல இறுக்கமாக மூடி உள்ளே தள்ளுங்கள். பவுண்டுக்கு 15 முதல் 20 நிமிடம் கணக்கு. 8 பவுண்டுக்குச் சுமார் இரண்டு முதல் இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். ஆனாலும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், பதினைந்து டாலருக்குக் கிடைக்கிறது. கெட்டியான சதையில், எலும்பைத் தொடாமல் குத்துங்கள். எலும்பைத் தொட்டால் எண் பொய் சொல்லும். தொழிற்சாலையில் வேகவைத்து அங்கேயே பேக் செய்த ஹாமுக்கு உள் சூடு 140 ஃபாரன்ஹீட் (60 செல்சியஸ்) வந்தால் போதும் என்கிறது அமெரிக்க விவசாயத் துறை. பேக்கெட்டைப் பிரித்துக் கடையிலேயே வெட்டிக் கட்டிக் கொடுத்ததென்றால் 165 (74 செல்சியஸ்). ‘குக் பிஃபோர் ஈட்டிங்’ வகை என்றால் 145 (63 செல்சியஸ்) வந்த பிறகு மூன்று நிமிடமாவது அப்படியே விட வேண்டும்.

பாகை எப்போது பூசுவது? இங்கேதான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். இரண்டரை மணி நேரமும் பூசிக்கொண்டே இருந்தால் நன்றாக ஊறும் என்று நினைப்பு. ஊறாது. ஹாமுக்கு மேலே கொழுப்பு இருக்கிறது, உள்ளே உப்புநீர் நிறைந்திருக்கிறது. பாகு ஒரு நூல் அளவுக்கு மேல் உள்ளே போகாது. அதற்குள் சர்க்கரை கருகிக் கசந்துவிடும். அதிலும் தேனில் இருக்கும் ஃபிரக்டோஸ் சாதாரணச் சர்க்கரையைவிடக் குறைந்த சூட்டிலேயே நிறம் மாறிவிடும். எனவே உள் சூடு 120 ஃபாரன்ஹீட் (49 செல்சியஸ்) தொடும்வரை பாகைத் தொடவே வேண்டாம்.

120 வந்ததும் ஹாமை வெளியே எடுங்கள், ஓவனை 400க்கு (204 செல்சியஸ்) ஏற்றுங்கள். ஃபாயிலைக் கழற்றுங்கள். தட்டில் தண்ணீர் வற்றியிருந்தால் இன்னும் அரை கப் ஊற்றுங்கள். வழிகிற பாகு தட்டில் கருகிப் புகை மண்டாமல் இருக்கும், ஸ்மோக் அலாரமும் சும்மா இருக்கும். மேற்பரப்பில் ஈரம் மினுமினுத்தால் மறுபடி ஒற்றி எடுத்துவிட்டு, பாகில் மூன்றில் ஒரு பங்கைப் பூசுங்கள். சிலிக்கான் பிரஷ் நல்லது, முடி உதிராது. கீறல்களுக்குள் பிரஷ் நுனியால் தள்ளிவிடுங்கள்.

பத்து நிமிடம் உள்ளே. எடுத்து இரண்டாவது பூச்சு. மறுபடி எட்டு, பத்து நிமிடம். மூன்றாவது பூச்சு. முதல் பூச்சு லேசாகக் காய்ந்து பிசுபிசுப்பாகும், இரண்டாவது அதைப் பிடித்துக்கொள்ளும், மூன்றாவதில்தான் அந்தக் கண்ணாடிப் பளபளப்பு வரும். ஒரே தடவையில் தடியாகப் பூசினால் மேலே கொதித்து, கீழே வழுக்கி, மொத்தமாக இறங்கிவிடும். கடைசிப் பத்து நிமிடம் ஓவன் முன்னாலேயே நில்லுங்கள். ஃபோனைக் கீழே வையுங்கள். வைரக் கட்டங்களின் ஓரம் கருஞ்சிவப்பாகி, நடுவில் பாகு சின்னச் சின்னக் குமிழிகளாகத் துடிக்கும்போது எடுக்கலாம். ஓரிரு முனை கருத்தால் குற்றமில்லை, அந்தக் கசப்பு நன்றாகவே இருக்கும். ஒரு பக்கம் மட்டும் வேகமாகக் கருத்தால் அந்த இடத்துக்கு மட்டும் ஒரு துண்டு ஃபாயிலை மூடி, தட்டைத் திருப்பி வையுங்கள்.

வெளியே எடுத்து 15 முதல் 20 நிமிடம் ஆறவிடுங்கள். சூட்டோடு வெட்டினால் பூச்சு கத்தியோடு உரிந்து வரும். ஆறினால் அது இறுகி, ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஒரு இனிப்புக் கரையாக நிற்கும். எலும்புக்குச் செங்குத்தாகக் கத்தியை இறக்கி, அப்புறம் எலும்பையொட்டிக் கிடையாக ஒரு வெட்டு வெட்டினால் துண்டுகள் தானாக விழும்.

ஸ்பைரல் ஹாம்தான் கிடைத்தது என்றால் இரண்டே மாற்றம். ஃபாயிலில் காற்று புகாமல் சுற்றுங்கள். கடைசிச் சூட்டை 375 ஃபாரன்ஹீட்டோடு (190 செல்சியஸ்) நிறுத்தி, இரண்டு பூச்சோடு முடித்துக்கொள்ளுங்கள். பாகைக் கொஞ்சம் இளக்கமாக வைத்துச் சீவல்களுக்கு நடுவே இறங்கவிடலாம்.

சாராயம் முழுக்கப் போய்விடுமா?

கட்டாயம் கேட்பார்கள். போகாது. அமெரிக்க விவசாயத் துறையின் அட்டவணைப்படி, 15 நிமிடம் கொதித்த பண்டத்தில் ஊற்றிய சாராயத்தில் 40 சதவீதம் மிஞ்சும். அரை மணிக்கு 35, ஒரு மணிக்கு 25, இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகும் 5. தீ மூட்டிக் காட்டுகிறார்களே, அதில் 75 சதவீதம் அப்படியே இருக்குமாம். இந்தக் கிளேஸை 8 பவுண்டு ஹாமில் பூசி, பத்துப் பேர் சாப்பிட்டால் ஒருவர் வாய்க்குப் போவது மிகக் குறைவுதான். ஆனாலும் குறைவு வேறு, இல்லை என்பது வேறு. மத நம்பிக்கையாலோ, கர்ப்பத்தாலோ, குடியை விட்டவர் என்பதாலோ தொடாதவர்கள் விருந்தில் இருக்கலாம். பரிமாறும் முன் ‘இதில் விஸ்கி இருக்கிறது’ என்று சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சேர்த்துச் செய்வதென்றால், பர்பனுக்குப் பதிலாக அதே அளவு ஆப்பிள் ஜூஸ் விட்டு, ஒரு டீ பையை அதில் இரண்டு நிமிடம் ஊறவைத்து எடுங்கள். டீயின் துவர்ப்பு ஓக் மரத் துவர்ப்பை ஓரளவு ஈடுகட்டும். விஸ்கி வாசத்துக்காக வனிலா எசென்ஸ் விடலாமே என்பவர்கள் கவனிக்க: அமெரிக்கக் கடைகளில் விற்கும் சுத்தமான வனிலா எக்ஸ்ட்ராக்டில் குறைந்தது 35 சதவீதம் சாராயம்தான்.

பன்றிக்கறி சாப்பிடாதவர்களுக்கு இதே கிளேஸைக் கோழித்தொடைக்குப் பூசலாம், சால்மன் மீனுக்கும் பூசலாம். அவற்றில் ஹாம்போல உப்பு இல்லை. உப்பு நீங்கள் போட வேண்டும்.

மீந்தது

இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். எலும்பிலிருந்து கறியைப் பிரித்து மூடி வைத்தால் ஃப்ரிட்ஜில் மூன்று, நான்கு நாள் வரும். ஃப்ரீசரில் ஒன்றிரண்டு மாதம் வைக்கலாம், அதற்குமேல் வைத்தால் ருசி இறங்கிவிடும். சின்னத் துண்டாக நறுக்கி, வெங்காயம், பச்சைமிளகாய், மிளகு போட்டுப் புரட்டிச் சோற்றோடு கிளறினால் மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்தது. உப்பு மட்டும் கடைசியில் பார்த்துப் போடுங்கள்.

எலும்பைத் தூக்கிப் போடாதீர்கள். வாஷிங்டனில் செனட் உணவகத்தில் தினமும் பரிமாறும் பீன்ஸ் சூப்புக்கு ஆதாரமே வெள்ளை பீன்ஸும் ஹாமின் கணுக்கால் எலும்பும்தான். இரவே பீன்ஸை ஊறவைத்து, எலும்போடு இரண்டு மணி நேரம் வேகவிட்டால் நீங்களும் அதைச் செய்துவிடலாம். தட்டில் தேங்கிய சாறைக் கிரேவியாக்க நினைத்தால் முதலில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் உப்பு தாங்காது. இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்த பிறகு சூப்பில் ஊற்றினால் வீணாகாது.

பிரஷ் தொட்ட பாகு மிஞ்சினால் அன்றோடு கொட்டிவிடுங்கள். தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்தீர்களே, அது மிஞ்சினால் பாட்டிலில் அடைத்து ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம். வெண்ணெய் இருப்பதால் குளிரில் மேலே வெள்ளையாகப் படியும். லேசாகச் சூடு காட்டிக் கலக்கினால் சரியாகிவிடும்.